விரிப்பின் மறுமுனை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அண்ணி கொடுத்தது. மாடியில் வாடகை இல்லாத ஓர் அறை, வேளா வேளைக்குச் சாப்பாடு, துவைத்து மடித்த சட்டை என்று எத்தனையோ கொடுத்தவர், போனால் போகிறதென்று ஒரு கதையையும் கொடுத்தார். "மேல உக்காந்து என்னென்னமோ எழுதுறியே தம்பி, கீழ நடக்குறதை ஒரு தடவை எழுதிப் பாரேன்" என்றார். கொடுத்த கையோடு நிபந்தனையும் போட்டார். "என்னை அரக்கியா காட்டாதே. தெய்வமாவும் காட்டாதே. ரெண்டுமே எனக்கு ஒத்துவராது."

கீழே என்றால் அண்ணியின் லாண்டரி. லாட்ஜ் அறைகளின் விரிப்புகளும் துண்டுகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து திரும்பிப் போகிற இடம். மெஷின்கள் ஓடுவதால் என் அறையின் தரை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். குளிர்காலத்திலும் வெறுங்காலோடு எழுதுகிற பாக்கியம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஆகவே இது நன்றிக்கடன் பட்டவன் எழுதுகிற கதை. நடுநிலையை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்து போனாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அன்று காலை அண்ணி கண் விழித்தபோது வானம்

(விட்டுவிட்டேன். அண்ணி கண் விழித்ததும் வானத்தைப் பார்ப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியைத்தான் பார்ப்பார்.)

இரண்டாவது: குறைந்தபட்ச வேலை நிபந்தனைகள் பற்றிய புதிய சட்டத்தின்படி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நபர்களைப் பணியமர்த்தியுள்ள எந்தவொரு நிறுவனமும்

(இதைப் படித்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. ஆனால் இந்த எலும்பு இல்லாமல் கதை எழுந்து நிற்காது. வீட்டுத் தமிழில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், ஒவ்வொருவருக்கும் உட்கார ஓர் இருக்கை வேண்டும். நடுப்பகலில் அரை மணி நேரம் வேலையை நிறுத்திச் சாப்பிட விட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். நான்கே பேர் என்றால் இது எதுவும் கிடையாது. நான்கு பேருக்குக் கால் வலிக்காது என்று எழுதியவர் நினைத்தாரோ என்னவோ.)

மூன்றாவது: அண்ணியும் ஒரு காலத்தில் வேறொருவரின் லாண்டரியில் கால் வீங்க நின்றவர்தான். அதனால்தான்

(இங்கே அண்ணியே குறுக்கிட்டார். டீ கொண்டுவந்தவர் என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "எப்போ நின்னேன்? கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா என்னை வாசலைத் தாண்ட விட்டதில்லை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கஷ்டப்பட்டவளுக்குத்தான் அடுத்தவங்க கஷ்டம் தெரியணுமா தம்பி? படாதவளுக்குத் தெரிஞ்சா கதை கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டார். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஆக, தொடக்கம் இல்லாமலேயே உள்ளே நுழைகிறோம். செருப்பைக் கழற்ற வேண்டாம், தரை ஈரம்.

3

லாண்டரியில் வேலை செய்பவர்கள் ஐந்து பேர். மெஷின்காரர், மெஷின்களோடு மட்டும் மரியாதையாகப் பேசுகிறவர். கறைக்காரம்மா, எந்தக் கறையையும் எடுப்பார்; எடுக்கும்போதே அது எப்படி விழுந்திருக்கும் என்று ஒரு கதையும் கட்டுவார், அந்த வகையில் எனக்குப் போட்டி. வண்டிக்காரர், மூட்டைகளோடு ஊர் வம்பையும் சேர்த்து ஏற்றி வருவார். பிறகு பெரியவளும் சின்னவளும். ஒரே வீட்டில் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். விரிப்பு மடிப்பது இவர்கள் வேலை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.*

இரட்டைக் கட்டில் விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நீளவாக்கில் மடித்து, விறைப்பாக இழுத்து, ஒருத்தி நடந்து வந்து தன் முனையை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். அதுவும் டிரையரிலிருந்து வந்த சூடு ஆறுவதற்குள். ஆகவே இந்த இருவரும் நாள் முழுக்க எதிரெதிரே நின்று, நெருங்கி, விலகி, மறுபடியும் நெருங்குவார்கள். ஒரு சொல் வெளியே வராது.

சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அண்ணிக்குத் தூக்கம் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் டிரையரில் கிடப்பது ஆறிப்போகும். ஆறினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் லாட்ஜ் மேனேஜர் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். வார விடுப்பு கொடுத்தால் அன்றைய வேலையை யார் செய்வது? பெரிய லாண்டரிகள் கூடுதலாக ஆள் வைத்துச் சமாளித்துவிடும். "அவங்களுக்கு அது கொசுக்கடி. எனக்குப் பாம்புக்கடி" என்று என்னிடம் சொன்னார். அண்ணனிடம் யோசனை கேட்டுப் பிரயோஜனமில்லை. அவர் சம்பள வேலையில் இருப்பவர், வார விடுமுறை என்பது பொழுது விடிவது மாதிரி தானாக வருவது என்று நம்புகிறவர். எல்லாரும் கொடுக்கும்போது நீயும் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

வழி சொன்னவர், அண்ணிக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பவர். "ஒரு ஆளைக் குறைச்சிடுங்கம்மா. சட்டம் உங்க வாசலோட திரும்பிப் போயிடும்" என்றார். அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, சட்டத்திலேயே இருக்கிற கதவுதான். நான்கு பேர் என்றால் எல்லாம் இருந்தபடியே இருக்கும், லாண்டரியும் பிழைக்கும். அன்று அண்ணி எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிட மறந்துவிட்டார்.

* சண்டை எதற்கு என்று பெரியவளைக் கேட்டால் ஒரு காரணம் சொல்வாள். சின்னவளைக் கேட்டால் வேறொன்று. வண்டிக்காரரிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எதுவும் கதைக்குத் தேவைப்படவில்லை.

4

(இந்தப் பகுதியை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். கதை நீண்டுகொண்டே போனது, ஒரு பகுதியைக் குறைத்தால்தான் சமாளிக்கலாம் என்று தோன்றியது. இது சின்னவளைப் பற்றியது. இருந்ததிலேயே குறைவாக உழைத்தது இதுதான் என்று அப்போது நினைத்தேன். எண் மட்டும் கிடக்கட்டும்.)

5

ஐந்தில் யாரைக் குறைப்பது? அண்ணி கீழே யோசித்தார், நான் மேலே எழுதிப் பார்த்தேன்.

முதலில் வண்டிக்காரரை அனுப்பினேன். வண்டியை நீ ஓட்டுகிறாயா என்று கேட்டார் அண்ணி. எனக்குச் சைக்கிளே சந்தேகம். கறைக்காரம்மாவை அனுப்பினேன். கறையை உன் பேனாவா எடுக்கும் என்றார். மெஷின்காரரை அனுப்புகிற பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது கீழே ஏதோ ஒரு மெஷின் இருமத் தொடங்கியது. பயந்துபோய் நானே நிறுத்திக்கொண்டேன். பெரியவளோ லாண்டரி திறந்த நாளிலிருந்து இருப்பவள், அவளைத் தொட அண்ணிக்கு மனம் வரவில்லை. மிச்சம் இருந்தவள் சின்னவள்.

மடிப்பதுதானே, அதை நானே மடித்துவிடுவேன் என்று அண்ணி முடிவுக்கு வந்தார். முதலாளி ஆள் கணக்கில் வர மாட்டார். இத்தனை வருஷக் குடும்பத்தில் மடிக்காத விரிப்பா? எனக்கும் அது சரியென்றே பட்டது. கடைசியாகச் சேர்ந்தவள், அதிர்ந்து பேசாதவள். இப்படிப்பட்டவர்களை வெளியே அனுப்புவது எழுதுகிறவனுக்கும் சுலபம்.

அண்ணி அவளைத் தனியே கூப்பிட்டார். சட்டம், லாட்ஜ், சுருக்கம் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அவள் வீட்டுக்காரருக்கு நிலையான வேலை இல்லை என்பதும், பிள்ளையின் படிப்பு இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது என்பதும் அண்ணிக்குத் தெரியாமல் இல்லை. சின்னவள் அழவில்லை. ஏன் நான் என்றும் கேட்கவில்லை.

"டிரையர்ல இருக்குறதை மடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்க்கா" என்றாள். "ஆறிட்டா சுருக்கம் விழுந்துடும்."

(இங்கே அண்ணியின் கண்ணீரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அனுப்புகிறவர் அழுதால் போகிறவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்கு அதுவும் ஒரு கூடுதல் வேலை.)

6

மறுநாள் அண்ணி கைகளைத் துடைத்துக்கொண்டு பெரியவளுக்கு எதிரே போய் நின்றார். முதல் விரிப்பு வந்தது. உதறினார்கள், நீளவாக்கில் மடித்தார்கள். பெரியவள் தன் பக்கத்தை வெடுக் வெடுக்கென்று இரண்டு முறை சுண்டினாள். வாங்கிக்கொள்ளப் போகிறாள் போலிருக்கிறது என்று அண்ணி கையை விட்டார். வெளுத்த விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று அடுத்ததை எடுத்தார்கள். இந்தத் தடவை ஒரே ஒரு சுண்டு. அண்ணி உஷாராகிவிட்டார். விடவே கூடாது என்று இறுகப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார். அதே சமயம் பெரியவள் முன்னால் நடந்து வந்தாள். அண்ணி அழுக்கு மூட்டைகளின் மேல் மல்லாந்தார்.

நடுப்பகலுக்குள் மடித்ததைவிட மறுபடி துவைக்கப் போனது அதிகமாகிவிட்டது. "இன்னிக்கு உங்களுக்கு ரெட்டை வேலைதான், கோவிச்சுக்காதீங்க" என்று மெஷின்காரர் மெஷினிடம் சொன்னார். கறைக்காரம்மா சிரிப்பை அடக்கத் திரும்பி நின்றுகொண்டார், அவர் முதுகு மட்டும் குலுங்கியது. அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. அப்படி என்னதான் வேண்டும், வாயைத் திறந்து சொல்லேன் என்று பெரியவளைக் கேட்டார்.

பெரியவள் விரிப்பைப் பலகைமேல் வைத்தாள். "ஒரு தடவை சுண்டினா கிட்ட வர்றேன்னு அர்த்தம். ரெண்டு தடவைன்னா திருப்பணும், அடியில கறை இருக்கு. மெதுவா இழுத்துப் பிடிச்சா, கொஞ்சம் நில்லு, இடுப்பு வலிக்குதுன்னு அர்த்தம். அவளுக்குத் தெரியும்."

"நீங்கதான் பேசிக்கிறதே இல்லையே?"

"வாயால பேசுறதில்லை."

4 (திரும்பி வந்தது)

நான் நிறுத்திய பகுதி இதுதான். இது இல்லாமல் ஆறாம் பகுதி நிற்க மறுத்தது, மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. கூப்பிட்டேன். முறைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டது. வந்ததற்கு நன்றி.

சின்னவள் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர்கள் வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. முதல் நாள் விரிப்பின் இரு பக்கமும் அவர்களை நிறுத்தியது அண்ணிதான், குடும்பச் சண்டை அவருக்கு அப்போது தெரியாது. வேலையை விட்டுப் போகவும் முடியாது, வாயைத் திறக்கவும் மனமில்லை. அப்படித்தான் துணி வழியாக ஒரு பேச்சு பிறந்தது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பக்கம் சுண்டும், மறுபக்கம் புரிந்துகொள்ளும்.

பெரியவளின் இடுப்பு வலி அதுவரை வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆளை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. வலி வரும்போது விரிப்பை மெதுவாக இழுத்துப் பிடிப்பாள். உடனே சின்னவள் தன் பக்கத்து ஓரத்தை முகத்தருகே கொண்டுபோய், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல நிற்பாள். பிரிந்திருக்காது. வலி அடங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் வேலையில் இருப்பதாகத்தான் தெரியும். சட்டம் வருவதற்கு முன்பே அந்த லாண்டரியில் ஓர் இடைவேளை இருந்திருக்கிறது. ஒருத்தி கேட்பாள், மற்றவள் கொடுப்பாள். முதலாளிக்குத் தெரியாமல்.

பெரியவள் இதையெல்லாம் சொன்ன அன்று அண்ணி மாடிக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "என் கண்ணு முன்னாடியேதான் நின்னாங்க தம்பி" என்றார். "ஓரம் பாக்குறாங்க, நல்ல கவனமான பொண்ணுங்கன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன். ஒரு நிமிஷம் நிக்கிறதை என்கிட்ட இருந்து ஒளிச்சு எடுத்துக்கிட்டிருக்காங்க."

அன்று சாயங்காலமே சின்னவள் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை நான் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தேன், மன்னிப்பு, தழுவல் எல்லாம் இருந்தது. அண்ணி படித்துவிட்டு, இதில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றார். வாசலில் நின்றே பேசினாராம். நாளைக்கு வந்துடு என்றாராம். அப்போ சட்டம் என்று கேட்டாளாம் சின்னவள்.

"அதுவும் வரட்டும்னு சொன்னேன்" என்றார் அண்ணி.

7

வந்தது. வந்ததும் கையைக் கடித்தது, அதை மறைக்க மாட்டேன். சட்டத்தை வாழ்த்தி எழுதுவதென்றால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன்; அண்ணி சமாளித்ததை எழுதத்தான் நாளாகிறது. இடைவேளைக்கு முன்னால் டிரையர்கள் காலியாகும்படி காலை வேலை முழுவதையும் மெஷின்காரரும் அண்ணியும் மாற்றிப் போட்டார்கள். நீளமான பெஞ்சு ஒன்றும் முக்காலிகளும் வந்தன. விடுப்பு நாளுக்காக, லாட்ஜைத் தவிர இருந்த ஒரு விடுதியின் மூட்டையை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பழைய வாடிக்கை. அதைச் சொன்ன அன்று அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விடுப்பு நாளில் மெஷின்கள் ஓடாததால் என் அறைத் தரை முதல்முறையாகச் சில்லிட்டது. நான் காலுறை வாங்கிக்கொண்டேன், என் பங்குக்கு.

முதல் இடைவேளையில் யாருக்கும் உட்காரத் தெரியவில்லை. மெஷின்காரர் மெஷின் அருகிலேயே நின்று சாப்பிட்டார். வண்டிக்காரர் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். கறைக்காரம்மா முக்காலியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகுதான் மெல்ல உட்கார்ந்தார். பெரியவள் பெஞ்சின் ஒரு கோடியில், சின்னவள் மறுகோடியில். நடுவே ஒரு விரிப்பின் நீளத்துக்கு இடம்.

அண்ணி நின்றுகொண்டே இருந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்க ஒருவர் மட்டும் நிற்பது கூச்சமாக இருக்கும் அல்லவா? போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஏதோ மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் தன் சாப்பாட்டு டப்பாவைப் பெஞ்சிலிருந்து மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

"சட்டத்துல உங்களுக்கு இடமில்லைன்னா என்னக்கா, பெஞ்சில இருக்கு" என்றாள்.

அண்ணி நடுவில் உட்கார்ந்தார். இதை எனக்குச் சொல்லும்போது, தன் லாண்டரியில் தன்னை உட்காரச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள், அவளையா அனுப்பினேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நன்றி என்பது கொடுத்தவருக்கு வாங்கியவர் காட்டுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் பெஞ்சில் யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாதவரை நல்லது.

ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் லாண்டரி நடக்காது. கூடும் செலவுக்காக லாட்ஜுக்குச் சலவை விலையை ஏற்றியாக வேண்டும். அண்ணி நேரில் போய், ஏன் ஏற்றுகிறார் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் முடிவு அவருக்கும் மேலே இருப்பவருடையது. கலந்து பேசிவிட்டு இன்றைக்குள் ஃபோன் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பெரிய லாண்டரி ஒன்று பழைய விலைக்கே எடுக்கத் தயாராக இருக்கிறது என்று வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். லாட்ஜ் போனால் பாதி மூட்டை போகும். பாதி மூட்டைக்கு ஐந்து பேர் தேவைப்பட மாட்டார்கள். அப்போது யார் என்ற கேள்வி மறுபடியும் வரும், அதற்குச் சின்னவளின் வீட்டு விலாசம் ஏற்கெனவே தெரியும்.

8

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

லாட்ஜ் ஒப்புக்கொள்கிறது. விரிப்புகள் வெள்ளை வெளேரென்று (நிறுத்திவிட்டேன். வெள்ளையைக் காட்டி நம்ப வைப்பது சோப்பு விளம்பரம்.)

லாட்ஜ் மறுக்கிறது. அண்ணி கறைக்காரம்மாவோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்த் துணி பிடித்து, சின்ன மூட்டைகளாலேயே அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார். (நடக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கும் என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. நிரம்பாமலும் போகலாம்.)

ஓரகத்திகள் பேசிக்கொள்கிறார்கள். (அண்ணி கிழிக்கச் சொன்னார். "அவங்க இஷ்டம். அதுக்கும் சட்டம் போடாதே.")

உண்மையைச் சொன்னால் எனக்கு முடிவு தெரியாது. நான் எழுத்தில் கதைக்குப் பின்னால் ஓடிவந்து, இப்போது அதன் பக்கத்திலேயே மூச்சு வாங்க நிற்கிறேன். இந்த வரியை எழுதும்போதே கீழே மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. டப்பாக்கள் திறக்கும் சத்தம். கறைக்காரம்மா ஏதோ கறையின் கதையைச் சொல்ல, மெஷின்காரர் சிரிக்கிறார். அவர் மனிதர்களோடு சேர்ந்து சிரிப்பதை நான் கேட்பது இப்போதுதான்.

ஃபோன் அடிக்கிறது.

சிரிப்பு நின்றுவிட்டது. பெஞ்சு தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. அண்ணி எழுந்திருக்கிறார், சாப்பிட்ட கையோடு. அவருக்கு இடைவேளை உண்டென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாடிப்படி வாசலில் நின்று, "உக்காருங்க அண்ணி, நான் எடுக்கிறேன்" என்று கத்திவிட்டு, இந்த வரியை எழுத மட்டும் திரும்பி வந்தேன்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், பேனா மேஜைமேல் இருக்கிறது. நான் இறங்குகிறேன். லாட்ஜ்காரர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். நல்ல சேதியானாலும் சரி, கெட்ட சேதியானாலும் சரி, அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொல்வேன்.